வேலைக்கு மல்டிடூல் வாங்கலாமா? பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கோவையில் ஒன்பது வருடமாக சிசிடிவி, நெட்வொர்க் கேபிளிங் வேலை பார்க்கிறேன். பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றுக்குள் மடங்கி இருக்கும் மல்டிடூலுக்காக இதுவரை மூன்று முறை காசு செலவழித்திருக்கிறேன். முதலாவது நடைபாதைக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கியது. ஆறே வாரத்தில் மூட்டில் இருக்கும் ரிவெட் ஆணி ஆடத் தொடங்கி, பிளேயரின் இரண்டு தாடையும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. இரண்டாவதை ஆன்லைனில் 9,800 ரூபாய்க்கு வாங்கினேன். இருபதுக்கும் மேல் கருவிகள், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அது ஏன் வீணானது என்பதைக் கீழே சொல்கிறேன். மூன்றாவதுதான் இன்றைக்கும் பாக்கெட்டில் இருக்கிறது. முதல் இரண்டில் போன 10,450 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. புதிதாக ஃபீல்டு வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் அதே காசை விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிசிடிவி, நெட்வொர்க், ஏசி சர்வீஸ், லிஃப்ட் சர்வீஸ், மேடை ஒலி ஒளி, கடை ரேக் மாட்டும் வேலை என்று இடம் மாறி இடம் போய் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். பட்டறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மல்டிடூலே தேவைப்படாது. கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தனித்தனி டூல்கள் இருக்கும்போது இது எதற்கு?

1. முதலில் 14 நாள் நோட்டு போடுங்கள்

இதைச் செய்யாமல் கடைப் பக்கம் போகவே வேண்டாம். பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட் நோட்டு போதும். வேலையின் நடுவே ஒரு டூலுக்காகப் பையைத் தேடிப் போக வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். எங்கே நின்றிருந்தீர்கள், என்ன டூல் வேண்டியிருந்தது, எதற்காக. அவ்வளவுதான். போனில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். கையில் சிமெண்ட் தூசி இருக்கும்போது யாரும் போனை வெளியே எடுப்பதில்லை. அன்றைய கணக்கு ராத்திரி மறந்துபோகும். நோட்டும் பென்சிலுமே சரி.

என் நோட்டிலிருந்து ஒரு நாள் (கேபிள் டை என்பது கேபிள்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை; ஸ்டார் என்றால் பிளஸ் முனை ஸ்க்ரூ டிரைவர், மைனஸ் என்றால் தட்டை முனை):

"காலை 10.40. ஏணி. கேபிள் டை வால் வெட்ட. கட்டர்."
"11.05. ஏணி. பிராக்கெட் ஸ்க்ரூ லூஸ். ஸ்டார்."
"12.20. தரை. கேமரா அட்டைப்பெட்டி பிரிக்க. கத்தி."
"2.50. ஏணி. ஜங்ஷன் பாக்ஸ் மூடி நெம்ப. மைனஸ்."
"3.15. ஏணி. டோம் மூடி. ஆறுமுனை நட்சத்திர ஸ்க்ரூ, பெட்டியோடு வந்த சாவி கீழே."

அன்றைக்கு வேலை திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் குடோனில். பதினெட்டடி ஏணி. மூன்றாவது முறை இறங்கும்போது கீழே ஏணியைப் பிடித்திருந்த பையன், "ஏனுங்ணா, மறுக்காவும் எறங்கறீங்களா?" என்று கேட்டான். அவனுக்குக் கை வலி. எனக்கு முழங்கால் வலி. நான் இறங்கியது ஒரு ஜங்ஷன் பாக்ஸ் மூடியை நெம்ப.

அந்தப் பதினான்கு நாளில் வேலை இருந்தது பதினொரு நாள். மொத்தம் 63 வரிகள். அதில் 38 வரிகளை பாக்கெட்டில் ஒரு சின்ன டூல் இருந்திருந்தால் நின்ற இடத்திலேயே முடித்திருக்கலாம். ஒரு தடவை இறங்கி ஏற இரண்டரை நிமிடம் என்று வைத்தால் 95 நிமிடம், அதாவது ஒரு நாளைக்கு ஒன்பது நிமிடம்கூட வரவில்லை. நேரக் கணக்கு மட்டும் பார்த்தால் இது பெரிய லாபமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏணியில் கால் தவறுவது பெரும்பாலும் களைத்த நேரத்தில், அவசரமாக ஏறி இறங்கும்போதுதான். 38 தடவை இறங்காமல் இருப்பதை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

2. நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

பதினான்கு நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்.

மல்டிடூலால் முடியும் வேலைக்கு டிக். கேபிள் டை வெட்டுவது, பெட்டி பிரிப்பது, ஒன்றிரண்டு ஸ்க்ரூவை இறுக்குவது, மூடி நெம்புவது, பைப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வயர் நுனியைப் பிடித்து இழுப்பது எல்லாம் இதில் வரும்.

முடியவே முடியாத வேலைக்குப் பெருக்கல் குறி. நெட்வொர்க் கேபிள் நுனியில் ஆர்ஜே45 பிளக்கை அழுத்திப் பொருத்துவது (கிரிம்ப்), துளை போடுவது, ஃபைபர் சீவுவது போன்றவை. ஃபைபரின் கண்ணாடி இழை 125 மைக்ரான்தான். அதற்கென்று உள்ள ஸ்டிரிப்பர் இல்லாமல் கை வைக்கவே கூடாது. ஒரு ரேக் முழுக்க ஐம்பது ஸ்க்ரூ மாட்டுவதும் இதே கணக்குதான். முடியும், ஆனால் மறுநாள் மணிக்கட்டு பேசும்.

மூன்றாவது, கரண்ட் சம்பந்தப்பட்ட வரிகள். அவற்றுக்குச் சிவப்பு மையில் வட்டம். அதைப் பற்றி அடுத்த படியில்.

இப்போது டிக்குகளை வேலை செய்த நாட்களால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்றும் அதற்கு மேலும் வந்தால் வாங்குவது நியாயம். ஒன்றிலிருந்து மூன்றுக்குள் என்றால், ஒரு சின்ன கட்டரும் இரண்டு பக்கம் மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். 200, 250 ரூபாயில் முடிந்துவிடும். ஒன்றுக்குக் கீழே என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு அந்தக் காசில் நல்ல கிரிம்பிங் டூல் வாங்குங்கள். எனக்கு மூன்றரை வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிக் போட்ட வரிகளில் எந்தெந்தக் கருவி வருகிறது? என்னுடையதில் நான்கே நான்கு: கத்தி, ஸ்டார், மைனஸ், பிளேயர். ரம்பம் ஒரு தடவைகூட வரவில்லை. அரம், டப்பா ஓப்பனர், அளவுகோல் எதுவுமே இல்லை. நான் 9,800 ரூபாய் கொடுத்ததில் பாதிக்கு மேல் என் நோட்டில் இல்லாத கருவிகளுக்குத்தான். நோட்டு போட்டது அதை வாங்கிய பிறகு. அதனால்தான் முதல் படியாக இதை வைக்கிறேன்.

3. கரண்ட் வேலைக்கு இது ஆகாது

மல்டிடூலின் கைப்பிடி முழுக்க உலோகம். பிடிக்கும் இடமும் உலோகம், வெட்டும் இடமும் உலோகம், நடுவில் ஒன்றுமே இல்லை. நம் வீட்டு லைன் 230 வோல்ட். லைவ் வயரை இதால் தொட்டால் கை நேராக வயரைத் தொட்ட மாதிரிதான்.

சிலர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வியர்வையில் டேப் நகரும், மடக்கும் இடத்தில் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. கடையில் விற்கும் சில மல்டிடூல்களின் கைப்பிடியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கும். அது வழுக்காமல் இருக்க வைத்தது, கரண்டுக்காக வைத்தது அல்ல. கரண்ட் வேலைக்கான டூலில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். ஐஇசி 60900 என்ற தரத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். மடக்கு மல்டிடூலில் அந்தக் குறியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேமரா வேலையில் எல்லாம் 12 வோல்ட்தானே என்று நினைப்போம். அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது? அடாப்டரின் மறுபக்கம் 230. பவர் சப்ளை பெட்டியைத் திறந்தால் இரண்டும் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும். அதனால் சிவப்பு வட்டம் போட்ட வரி ஒன்றாவது உங்கள் நோட்டில் இருந்தால், மல்டிடூல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் பையில் தனியாக இருந்தே ஆக வேண்டும். மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரால் பார்த்து, அப்புறம் கை வையுங்கள்.

4. கடைக்குப் போகும்போது சாமானோடு போங்கள்

வெறுங்கையோடு போனால் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பளபளப்பில் மயங்கி வாங்கிவிடுவோம். ஒரு சின்ன கவரில் நான் கொண்டுபோவது இவை: ஒரு சாண் கேட்6 நெட்வொர்க் கேபிள், ஒரு சாண் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கரண்ட் வயர், நான்கு கேபிள் டை, கேமரா பிராக்கெட் ஸ்க்ரூ இரண்டு, அந்த ஸ்க்ரூ பாதி ஏறிய நிலையில் ஒரு மரத்துண்டு. உங்கள் வேலைக்கு ஏற்ற சாமானை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிஸ்பிளே பீஸில் பார்க்க விடாத கடையில் பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம்.

பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனியில் வெளிச்சம் தெரியக்கூடாது. பல் உள்ள இடத்துக்குக் கீழே லேசாக இடைவெளி இருப்பது சகஜம். நுனியில் இருந்தால் மெல்லிய வயர் வழுக்கும். அடுத்து நுனியால் ஒரு தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடித்தால் தாடை நேராக இருக்கிறது.

கேபிள் டையை வெட்டுங்கள். வாலை ஒட்ட வெட்டுகிறதா, இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைக்கிறதா? மிச்சம் வைத்தால் அந்த முனை பின்னால் யாரோ ஒருவரின் கையைக் கிழிக்கும். பல மல்டிடூல்களில் கட்டர் தாடையின் அடியில் இருப்பதால் ஒட்ட வெட்ட முடியாது. கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம், ஸ்க்ரூ. மரத்துண்டில் ஏறியிருக்கும் ஸ்க்ரூவை முழு பலத்தோடு இறுக்குங்கள். இங்கேதான் நிறைய டூல்கள் தோற்கின்றன. கைப்பிடியின் ஓரம் உள்ளங்கையில் எவ்வளவு அழுந்துகிறது, இறுக்கும்போது மடக்கு இடம் ஆடுகிறதா, பிட் (ஸ்க்ரூ டிரைவரின் முனை) ஸ்க்ரூ தலையிலிருந்து எகிறுகிறதா என்று பாருங்கள். ஐந்து ஸ்க்ரூவுக்கு உள்ளங்கையில் சிவந்த கோடு விழுந்தால், நாள் முழுக்க வைத்திருக்க முடியாது.

கடைசியாகக் கத்தியும் பூட்டும். கத்தியைத் திறந்து, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். விரல்கள் மடங்கும் பாதையில் இருக்கக்கூடாது, ஜாக்கிரதை. பூட்டு விட்டுக்கொடுத்தால் அந்த டூல் வேண்டாம். பூட்டே இல்லாத கத்தியை ஏணி வேலைக்கு வாங்காதீர்கள். பிறகு இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் திறந்து மூடுங்கள். ஏணியில் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்கும். இரண்டு கையும் தேவைப்படும் கத்தி அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான். லெதர்மேன் வேவ், ஸ்கெலிடூல் போன்றவற்றில் கத்தி வெளிப்பக்கம் இருப்பதால் பிளேயரை விரிக்காமலே ஒரு கையில் திறக்கலாம். அதே நிறுவனத்தின் ரீபாரில் எல்லாக் கருவியும் உள்ளே இருக்கிறது. கைப்பிடியை விரித்துத்தான் எடுக்க வேண்டும். தரையில் நின்று செய்யும் வேலைக்கு அது குறையே இல்லை.

5. பிட் பொருந்துமா என்று பாருங்கள்

ஆன்லைன் படத்தில் தெரியாத பொறி இது. நாம் டிரில் மெஷினில் போடும் கால் அங்குல அறுகோண பிட் வேவிலும் ஸ்கெலிடூலிலும் நேராகப் பொருந்தாது. அவற்றுக்கு இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கிய தனி பிட். காந்திபுரத்திலோ உக்கடத்திலோ ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைக்காது. ஒன்று தொலைந்தால் தனியாக வரவழைக்க வேண்டும். சாதாரண பிட்டைப் போட ஒரு நீட்டிப்புத் துண்டு தனியாக விற்கிறார்கள். அதையும் சேர்த்துதான் விலைக் கணக்குப் போட வேண்டும். விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல், ரீபார் போன்றவற்றில் ஸ்டாரும் மைனஸும் நிலையாகப் பதித்தே வரும். தொலைய வழியில்லை, ஆனால் மாற்றவும் முடியாது.

நோட்டைப் பாருங்கள். அரைக்கோள மூடி போட்ட டோம் கேமராவைத் திறக்கப் பெரும்பாலும் ஆறுமுனை நட்சத்திர பிட்டோ எலன் கீயோ (அறுகோணச் சாவி) வேண்டும். கேமரா கம்பெனிக்கு ஒரு அளவு. இந்த வரிகள் அதிகம் என்றால் பிட் மாற்றும் வகையை வாங்குங்கள், நீட்டிப்புத் துண்டோடு. ஸ்டார், மைனஸ் மட்டுமே என்றால் பதித்தே வருவது மேல்.

6. எடையை உடம்பில் வைத்துப் பாருங்கள்

வேவ் பிளஸ் 241 கிராம். ரீபார் 189. ஸ்கெலிடூல் 142. காகிதத்தில் பார்த்தால் நூறு கிராம் வித்தியாசம் ஒன்றுமில்லை போலத் தெரியும். என் இரண்டாவது டூல் 280 கிராமுக்கு மேல். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் ஏணியில் ஒவ்வொரு படிக்கும் தொடையில் இடிக்கும். பெல்ட் உறையில் வைத்தால் பைக்கில் உட்காரும்போது இடுப்பில் குத்தும். இரண்டாவது வாரம் அதைப் பையில் போட்டேன். பையில் போன பிறகு அதற்கும் மற்ற டூலுக்கும் என்ன வித்தியாசம்? இறங்கித்தானே எடுக்க வேண்டும்! அங்கேயே அந்த டூலின் கதை முடிந்துவிட்டது.

எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் வாங்க நினைக்கும் டூலின் எடைக்குச் சமமாக மளிகைக் கடைத் தராசில் ஆணியோ நட்டோ நிறுத்து, பழைய காலுறையில் கட்டி, மூன்று நாள் பாக்கெட்டிலேயே வைத்து வேலைக்குப் போங்கள். மூன்றாம் நாள் மதியம் அது இன்னும் பாக்கெட்டில் இருக்கிறதா, பைக் பெட்டியில் இருக்கிறதா? பதில் அதில் தெரிந்துவிடும்.

7. செலவைப் போடுங்கள்

நான் விசாரித்த வரையில் விலை மூன்று படியாக இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் நடைபாதை ரகம். இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை கேன்சோ, நெக்ஸ்டூல் போன்ற சீனத் தயாரிப்புகள். அதற்கு மேலே, பெரும்பாலும் எட்டாயிரத்தைத் தாண்டி, லெதர்மேனும் விக்டோரினாக்ஸும். மாடலைப் பொறுத்து பதினைந்தாயிரத்தையும் தாண்டும்.

ஆயிரத்துக்குள் இருப்பதை வாங்கவே வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. ரிவெட் ஆடிய பிளேயர் வழுக்கினால் அடிபடுவது நம் விரல்தான். நடுப்படி, இதெல்லாம் நமக்குப் பழகுமா என்று பார்க்கிறவருக்கு நல்ல தொடக்கம். மாதத்தில் இருபது நாளுக்கு மேல் ஏணி வேலை உறுதி என்றால் மேல்படிக்குப் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க: உள்ளூரில் கிடைக்கும் நல்ல கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், கட்டர் கத்தி, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் வாங்கிவிடலாம். ஒவ்வொன்றும் அதனதன் வேலையில் மல்டிடூலைவிட நன்றாகவே செய்யும். இந்தச் செட் இல்லாதவர் முதலில் இதை வாங்குங்கள். மல்டிடூல் இதற்குப் பதில் ஆகாது, இதற்கு மேல் ஒன்று. கடன் வாங்கியோ தவணையிலோ அதை வாங்கவும் வேண்டாம்.

8. பில், பெட்டி, லேபிள்

என் 9,800 ரூபாய் போன இடம் இதுதான். வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொண்டுவரும் எஃப்டிடிஹெச் டிராப் கேபிளில் ஃபைபரைத் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஓடும். அது தெரிந்தும் அவசரத்தில் அந்த டூலால் வெட்டினேன், கட்டரில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அது என் தப்பு, வாரண்டியில் வராது. ஆனால் அடுத்த மாதமே ஒரு சாதாரண நட்டைப் பிடித்துத் திருகும்போது தாடை நுனி உடைந்தது. அது வந்திருக்க வேண்டும். விற்றவரிடம் கேட்டால் கம்பெனியிடம் போகச் சொன்னார். கம்பெனியின் இந்திய ஏஜெண்டிடம் எழுதினால், இது எங்கள் வழியாக வந்த சரக்கு இல்லை என்று பதில். என்னிடம் இருந்தது பில் என்ற பெயரில் ஒரு டெலிவரிச் சீட்டு மட்டும். கடை பெயர் இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை.

அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே இவற்றைச் சரிபாருங்கள்.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை, மாதமும் வருடமும் ஒட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கைப் பொட்டலமாக இங்கே விற்க இந்த லேபிள் சட்டப்படி கட்டாயம். லேபிள் இல்லாத பெட்டி ஏதோ சூட்கேஸில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், மாடலின் முழுப் பெயர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். "மல்டிடூல் 1" என்று மட்டும் எழுதினால் மாடலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்த தொழில் நடத்துகிறவர் என்றால் உங்கள் எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்கிய டூலின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டமான காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடையாது.

வாரண்டி விஷயத்தில் லெதர்மேன் 25 ஆண்டு சொல்கிறது. விக்டோரினாக்ஸ் பொருளிலும் செய்நேர்த்தியிலும் உள்ள குறைக்கு வாழ்நாள் முழுக்கப் பொறுப்பேற்கிறது. இரண்டிலும் தேய்மானமும் தவறான உபயோகமும் சேராது. வாங்குமுன் அந்தக் கம்பெனியின் இந்தியச் சேவை முகவரிக்கு ஒரு மெயில் போட்டு, இந்தக் கடையில் வாங்கினால் இங்கேயே பார்ப்பீர்களா, கூரியர் செலவு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். நான் மூன்றாவதற்குக் கேட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது. அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன். துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கிவந்தால் விலை குறையலாம். அப்போதும் அவர் பெயரில் உள்ள பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே சர்வீஸ் உண்டா என்று முதலிலேயே விசாரித்தும் விடுங்கள்.

பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். கடைப் பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.

9. போகும் இடத்தில் விடுவார்களா?

உங்கள் வேலை நடக்கும் இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் கேட்டில் விசாரியுங்கள். ஐடி பூங்காக்களிலும் பெரிய ஆலைகளிலும் உள்ளே கொண்டுபோகும் டூலை வாசலில் பதிவு செய்து, திரும்ப எடுத்துப் போகும் கேட் பாஸ் வாங்க வேண்டும். "டூல் கிட் 1" என்று எழுதிவிட்டு மல்டிடூலைப் பாக்கெட்டில் வைத்திருந்தால், வெளியே வரும்போது கேள்வி வரும். பாஸில் தனி வரியாக, மாடல் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். இதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். உணவு ஆலைகள் சிலவற்றில் கத்தி உள்ள எதையுமே உள்ளே விடுவதில்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்படி என்றால், கத்தியில்லாத மாடலைப் பாருங்கள், அல்லது வாங்கவே வேண்டாம்.

நீதிமன்றத்துக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ சொந்த வேலையாகப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். செக்-இன் பையில்தான் போட வேண்டும். கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் வேலைக்குப் பறப்பவர்கள் இதை ரொம்பக் கவனிக்கவும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தப்பட்டு, விமானம் கிளம்ப அரை மணி நேரமே இருந்ததால் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

சட்டப்படி பார்த்தால், ஆயுத விதிகளில் வரும் கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு. அதிலும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. மல்டிடூல் கத்தி மூன்று அங்குலம்கூட வராது. இருந்தாலும் ராத்திரி வண்டிச் சோதனையில் போலீஸ்காரருக்கு விதி விளக்குவதைவிட, கம்பெனி அடையாள அட்டையும் அன்றைய வேலை ஆர்டரும் கையில் இருப்பது எளிது. திருவிழாக் கூட்டத்துக்குப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

10. வாங்கிய முதல் வாரமும் முதல் மாதமும்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் எத்தனை நாள், திருப்பி எடுப்பார்களா அல்லது மாற்றித்தான் தருவார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே படியுங்கள். சில கடைகளில் ஏழு நாள், சிலவற்றில் பத்து. நான்காம் படியில் சொன்ன சோதனைகளை முதல் இரண்டு நாளுக்குள் வீட்டில் முடித்துவிடுங்கள், பளபளப்புப் போகாமல். ஏழாம் நாள் ராத்திரி குறையைக் கண்டுபிடித்து யாருக்கும் பயனில்லை.

வேலையில் இறங்கிய பிறகு மூன்று பழக்கம் வேண்டும். இரும்புக் கம்பியையும் ஸ்க்ரூவையும் வெட்டாதீர்கள். கட்டர் மாற்றக்கூடிய வேவ் பிளஸ், ரீபார் போன்றவற்றில் தேய்ந்ததைக் கழற்றிப் புதிது போடலாம். ஸ்கெலிடூலில் அந்த வசதி இல்லை. சுத்தியலாக அடிக்காதீர்கள். கேட்6 உறையைக் கத்தியால் சுற்றி வெட்டும்போது உள்ளே இருக்கும் செம்புக் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும். கீறல் பட்ட கம்பி இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து உங்களையே அழைக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்ப வேண்டாம். வியர்வை உப்பில் மடக்கும் இடம் பழுப்பாகும். சென்னை, தூத்துக்குடி, நாகை என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சுவரில் துளை போடும்போது பறக்கும் தூசியும் அங்கேதான் போய் அடையும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மடக்கும் இடத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம். கத்தி மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் கல்லின் சூட்டில் மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும். வீட்டில் சாணைக் கல்லில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் தீட்டினால் போதும்.

முப்பதாம் நாள் அதே நோட்டை மறுபடி எடுத்து ஐந்து வேலை நாள் எழுதுங்கள். எனக்கு ஸ்கெலிடூல் வந்த பிறகு, ஏணியிலிருந்து டூலுக்காக இறங்கியது ஐந்து நாளில் எட்டுத் தடவை. அதில் ஐந்து கிரிம்பிங்குக்காக, இரண்டு டிரில்லுக்காக. மிச்சம் ஒன்று, பாக்கெட்டில் மல்டிடூல் இருப்பதை மறந்து பழக்கத்தில் இறங்கியது. உங்கள் எண்ணிக்கை குறையவே இல்லை என்றால் தயங்காமல் விற்றுவிடுங்கள். அதற்காகவே பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்தி வையுங்கள். அவை இரண்டும் இருந்தால் நம்பி வாங்க ஆள் கிடைக்கும், விலையும் ஓரளவு நிற்கும். என் இரண்டாவது டூலுக்கு இரண்டுமே இல்லாததால் அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.